குளிர்காலக் கவாத்துக்கு இப்போதே கிளைகளைக் குறித்து வைப்பது எப்படி?

பின்கட்டுத்தோட்டம்:
வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள், பேரி, பிளம்ஸ் மரங்கள் இருக்கின்றன. இலையெல்லாம் கொட்டியபிறகு கத்திரியோடு போய் நின்றால் எது காய்ந்தது, எது உயிரோடு இருக்கிறது என்றே புரிவதில்லை, மொத்தமும் குச்சியாகத் தெரிகிறது. அதனால் இலை இருக்கும்போதே அடையாளம் வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பெயின்ட் அடிக்கலாமா, கயிறு கட்டலாமா? எந்தக் கிளைகளைக் குறிப்பது?

கத்திரிக்காரன்:
பெயின்ட் அடித்தால் அப்புறம் மனசு மாறினால் அழிக்க முடியாது. கம்பி கட்டவே கட்டாதீர்கள், கிளை பருக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும். நிலம் அளப்பவர்கள் கட்டும் பசையில்லாத பிளாஸ்டிக் நாடா நல்லது, இல்லையென்றால் பழைய துணிக்கிழிசலே போதும், ஆனால் பளிச்சென்ற நிறமாக, தளர்வாகக் கட்டுங்கள். எங்கே கட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். முழுசாக எடுக்க வேண்டிய கிளைக்கு அடியில், அது பிரியும் இடத்தில் ஒரு நிறம். நீளத்தைக் குறைத்தால் போதும் என்றால், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே வேறு நிறம். நுனியில் ஏதோ தொங்கினால் குளிரில் நின்றுகொண்டு எங்கே வெட்ட நினைத்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இலைநிழல்:
நோய் பட்ட கிளை, உள்பக்கம் நோக்கி வளர்ந்து நடுவில் வெளிச்சத்தை மறைப்பது, இவற்றை முதலில் குறியுங்கள். கீழ்க்கிளைகளில் பழம் நிறம் ஏறாமல் இருந்தால் அதற்கு மேலே எது நிழல் போடுகிறது என்று அண்ணாந்து பாருங்கள், குளிர்காலத்தில் இது தெரியவே தெரியாது. ஆனால் ஒன்றோடொன்று உரசும் கிளைகள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். காய்ப் பாரத்தில் கிளை தாழ்ந்திருக்கும், பறித்தபிறகு மேலே எழும்பும், இப்போது உரசுவது அப்போது விலகலாம், விலகியிருப்பது போய் இடிக்கலாம். அதை மட்டும் அறுவடைக்குப் பிறகு பார்த்துக் கட்டுங்கள்.

எல்லாம் கட்டி முடித்ததும் தள்ளி நின்று பாருங்கள். மரத்தின் தழையில் கால் பங்குக்கு மேல் போகும்போல இருந்தால் சில நாடாக்களை அவிழ்த்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஒரேயடியாக வெட்டினால் நீர்ப்போத்துகள், அதாவது வேகமாக வளரும் காய்க்காத இளங்கிளைகள், நெட்டுக்குத்தாகக் கிளம்பி மறுபடி அதே வேலைதான்.

கத்திரிக்காரன்:
பிளம்ஸை யாரும் கவனிக்கவில்லையே! அதைக் குளிர்கால வேலையில் சேர்க்காதீர்கள். வெள்ளி இலை நோய் ஒரு பூஞ்சணம், ஈரக் குளிரில் வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். செர்ரிக்கும் இதேதான். பறித்து முடித்ததும் இலை இருக்கும்போதே, மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டிவிடுங்கள்.

பின்கட்டுத்தோட்டம்:
அப்படியா, பிளம்ஸுக்கும் சேர்த்துத்தான் நாடா வாங்க இருந்தேன். இன்னொன்று, ஆப்பிளில் இரண்டு கிளைகளில் இலையே வரவில்லை. அதற்கும் கட்டணுமா?

இலைநிழல்:
நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாமல் அடிவரைக்கும். பச்சை தெரிந்தால் அதுவரை உயிர் இருக்கிறது. உள்ளே பழுப்பாக, உலர்ந்து இருந்தால் நாடா எதற்கு, காய்ந்த கிளையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்போதே அறுத்துப் போடுங்கள், அடியில் இருக்கும் வீங்கின வளையத்தை மட்டும் விட்டுவிட்டு.