தரங்கம்பாடி மாலை நடை: கல்லுக்கடியில் ஒரு மூச்சு

மயிலாடுதுறையிலிருந்து:

சென்னையிலிருந்து மச்சான் குடும்பம் பொங்கல் லீவுக்கு வந்திருந்தது. பூம்புகார் ஆயிற்று, வைத்தீஸ்வரன் கோயில் ஆயிற்று. "பேய் இருக்கிற எடம் ஒண்ணு காட்டுங்க மாமா" என்று மச்சான் மகள் பிடித்த பிடியை விடவில்லை. ஒன்பது வயது. சரி, தரங்கம்பாடிக்கே போய்விடுவோம் என்று கிளம்பினோம். சாயங்காலத்தில் ஊரை நடந்தே சுற்றிக் காட்டும் உள்ளூர்த் தம்பி ஒருவரின் நம்பர் கையில் இருந்தது.

அடைத்துவிடுவார்கள் என்று முதலில் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் கூட்டிப்போனார். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கட்டியது. நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறதாம். வருடக் குத்தகை 3,111 ரூபாய் என்றதும் மச்சான், "எங்க அபார்ட்மெண்ட்ல மாச மெயின்டனன்ஸே இதவிட ஜாஸ்தி" என்றார்.

பாப்பாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கீழ்த்தளத்து இருட்டறைகளைத்தான் எட்டி எட்டிப் பார்த்தாள். சரக்கறை, லாயம், சிறை எல்லாம் இருந்த தளம் அது. டென்மார்க் ராஜா அனுப்பிவைத்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை, இங்கிருந்த டேனிஷ் அதிகாரியே 1708-ல் பிடித்து நாலு மாதம் அடைத்துவைத்த கதையைத் தம்பி சொன்னார்.

"அவரு பேயா வந்தாரா?"

"இல்ல பாப்பா, வெளிய வந்து புஸ்தகம் போட்டாரு."

ஜெர்மனியில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. சீஸ் என்றதும் பாப்பா முதன்முறையாகக் காது கொடுத்தாள்.

அப்புறம் ராஜ வீதி, 1792-ல் எடுத்துக் கட்டிய நகர வாசல், 1701-ன் சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம். கட்டிய மறுவருடமே, 36 வயதில், சீகன்பால்கு இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். எல்லாம் அழகுதான். ஆனால் இங்கேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வரும்போது வெளிச்சமே இல்லை.

பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில். டென்மார்க்காரன் கப்பல் ஏறுவதற்கு 300 வருடம் முந்தையது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் ஓரம் நின்றபோதுதான் கேட்டது. அலைச் சத்தம் வேறு, இது வேறு. கீழேயிருந்து நீளமாக ஒரு "ஹ்ஹா...", அப்புறம் தொண்டையில் எதையோ விழுங்குவதுபோல் "களுக்". பாப்பா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதுகு சிலிர்த்தது.

தம்பி மொபைல் லைட்டைக் கற்களின் இடுக்கில் அடித்தார். அலை உள்ளே நுழையும்போது பொந்திலிருக்கும் காற்றை மேலே தள்ளுகிறது, இறங்கும்போது திரும்ப இழுக்கிறது. இடுக்கில் கையை நீட்டினேன். முதலில் ஈரக்காற்று முகத்தில் அடித்தது, அடுத்த நொடி சட்டைக் கையை உள்ளே இழுத்தது. "முன்னாடி இருந்த கோயிலு இந்தப் பக்கம்தாண்ணே" என்று கடலைக் காட்டினார் தம்பி.

நடையை அப்படியே தலைகீழாக நடத்தவேண்டும் என்பது என் கட்சி. வெளிச்சம் இருக்கும்போது கோயில், கடைசியில் வெள்ளைக்காரர்கள். நீங்கள் போனபோது என்ன கண்டீர்கள்?

பொறையாறிலிருந்து:

கோட்டைக்கு அடைக்கும் நேரம் இருக்கிறதே, தலைகீழாக எப்படி நடத்துவது? அது கிடக்கட்டும். எனக்கு வாய்த்தது பேய் இல்லை. சில வருடம் முன்னால் டேனிஷ் கல்லறைத் தோட்டத்துக்குள் வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒரு பழைய கடுதாசியை வைத்துக்கொண்டு கல் கல்லாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாவின் முன்னோர் யாரோ இங்கே புதைந்திருக்கிறாராம். 1845-ல் வங்காளத்திலிருந்த இன்னொரு டேனிஷ் ஊரான செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயனுக்கு ஊரை விற்றுவிட்டுப் போனவர்கள், செத்தவர்களை இங்கேயே விட்டுவிட்டுத்தானே போனார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் வாங்கிவந்து ஒரு கல்லைத் தேய்த்தோம். பாசி போனதும் எழுத்து தெரிந்தது. அவர்கள் தேடிய பெயர் இல்லை. அந்தம்மா விடவில்லை, அடுத்த கல்லையும் தேய்த்தார். இருட்டும்வரை ஏழு கல். கிடைக்கவே இல்லை. போகும்போது நாரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

காரைக்காலிலிருந்து:

பேய்க்கதை வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பக்கம் உண்மையே இருக்கிறது. 1619-ல் முன்னோட்டமாக வந்த டேனிஷ் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியர் மூழ்கடித்தார்கள். மாலுமிகள் இரண்டு பேரின் தலையைக் கழியில் குத்திக் கரையில் நிறுத்தினார்கள். தப்பிக் கரையேறிய கப்பல் தலைவர் ரோலண்ட் கிராப்பேயை நாயக்கரிடம் கொண்டுபோனார்கள். மறுவருட ஒப்பந்தத்துக்கு வழி போட்டது அந்த ஆள்தான். இதைச் சொல்லாமல் என்ன நடை?

வழிகாட்டிகளிடம் எனக்கு வேறு இரண்டு வழக்கும் உண்டு. ஒன்று, ஊர்ப் பெயருக்கு "பாடும் அலைகளின் ஊர்" என்று அர்த்தம் சொல்வது. தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்றால் ஊர். வாணியம்பாடியில் எந்த வாணியர் பாடிக்கொண்டிருக்கிறார்? கோயில் கல்வெட்டில் இருப்பதே சடங்கன்பாடி. இரண்டு, ஓசோன் காற்று. "நல்லா இழுத்து விடுங்க சார், ஓசோன்" என்கிறார்கள். கடல் வாசனையில் பெரும்பங்கு நுண்பாசிகளிலிருந்து வரும் கந்தக வாயு. நிஜமாகவே ஓசோனை இழுத்தால் நுரையீரல்தான் கெடும்.

கும்பகோணத்திலிருந்து:

மூன்று மணி நேர நடை, வழியில் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. காசு வாங்கியவரிடம் கேட்டால், "கடைசியா ஓட்டல்ல பாத்துக்கலாம்க்கா" என்கிறார். மற்றவர்களுக்குப் பேய் பயம், எனக்கு இந்தப் பயம். கிளம்பும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி மீனவர் தெருவிலிருந்து:

கல்லு மூச்சு விடுவது எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு. பொந்துமேல் பிளாஸ்டிக் கவரை வைத்து அது எழும்பி எழும்பி அடங்குவதைப் பார்ப்பார்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கள் அம்மா மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. மயிலாடுதுறைக்காரரே, அடுத்த தடவை பாப்பாவை அமாவாசையை ஒட்டிக் கூட்டிவாருங்கள். அன்றைக்குக் கடல் ஏற்றம் அதிகம், சத்தமும் அதிகம். ஆனால் நனைந்த கல்லில் ஏறவிடாதீர்கள், சிப்பி காலைக் கிழித்துவிடும். இடுக்கில் கை விடுவதையும் விட்டுவிடுங்கள். உள்ளே நண்டு இருக்கும்.