காதல் பட போஸ்டர் டிசைன்: வேலையில் கண்டவை, பிழைகள், திருத்தங்கள்

காதல் பட போஸ்டரில் முதலில் முடிவாக வேண்டியது நிறமோ எழுத்தோ இல்லை, இரண்டு முகங்களுக்கும் நடுவே விடும் இடைவெளி. ஒரு முக அகலத்துக்குள் இருந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது என்றே கண் படிக்கும். அதைத் தாண்டினால் ஊடல் அல்லது பிரிவு. பார்வையும் இப்படித்தான் பேசும். ஒருவரையொருவர் பார்த்தால் கனிந்த காதல். ஒருவர் பார்க்க மற்றவர் வேறெங்கோ பார்த்தால் ஒருதலைக் காதல். முதுகோடு முதுகு சாய்ந்து இருவரும் நம்மைப் பார்த்தால், சண்டை போட்டுச் சேரும் கலகலப்பான கதை. சோகத்தில் முடியும் படத்துக்கு இந்தக் கடைசி நிலையை வைப்பது ரசிகரை ஏமாற்றுவது, செய்யவே கூடாது.

*

அந்த இடைவெளி பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் பிறக்கிறது. நாயகன், நாயகி கால்ஷீட் ஒரே நாளில் கிடைக்காது, தனித்தனியாக எடுத்து ஒட்டுவார்கள். 1990இல் வந்த ‘பிரெட்டி வுமன்’ என்ற ஹாலிவுட் காதல் படத்தின் போஸ்டரில்கூட ஜூலியா ராபர்ட்ஸின் முகத்துக்குக் கீழே இருப்பது வேறொரு மாடலின் உடல். ஒட்டு தெரிவதற்குக் காரணம் கத்தரித்த விளிம்பு என்று நினைத்து அதையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் காட்டிக்கொடுப்பது ஒளியின் திசை. கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஒருவருக்கு இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் இருந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. முதல் ஆளை எடுக்கும்போதே லென்ஸ் (85 மிமீ என்றால் இரண்டாவது ஆளுக்கும் அதுவே), கேமரா உயரம், விளக்கின் கோணம், தூரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அணைப்புக் காட்சி என்றால் தோளில் பதியும் கையை மட்டுமாவது டூப் வைத்து உண்மையாகவே எடுக்க வேண்டும். துணியில் விழும் மடிப்பைப் பிறகு வரைந்து சேர்த்தால் பொய்யாகத் தெரியும்.

*

டைட்டிலில் மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் இதயம் வைக்கும் பழக்கம் பற்றி ஒன்று. போன் திரையில் படம் சுருங்கும்போது இதயத்தின் பிளவு மூடி, எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘காதல்’ ‘காதல’ ஆகிவிடும். வழக்கமான புள்ளியைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, கோட்டின் தடிமனில் பாதியளவாவது இடம் விடுங்கள். 150 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ஒரு டைட்டிலில் ஒரு இதயம் போதும்.

*

அச்சுக்குப் போகும்போது: 30×40 அங்குலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 9000×12000 பிக்சல், சுற்றிலும் 3 மிமீ பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்). இளஞ்சிவப்புப் பூச்சை மொத்தப் படத்தின் மேலும் போட்டால் முகங்கள் வெயிலில் வெந்தது போலச் சிவக்கும். முகங்களை மட்டும் பிரிக்கும் மாஸ்க் போட்டு அங்கே பூச்சை நன்றாகக் குறையுங்கள். தோல் நிறத்தில் மெஜந்தாவைவிட (அச்சில் போகும் அடர் ரோஜா நிற மை) மஞ்சள் மை கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும்.

நான்கு தாள் சேர்த்து ஒட்டும் சுவர் போஸ்டரில் செங்குத்து இணைப்பு நட்டநடுவில் விழும். ஜோடியின் முகங்கள் நெருங்குவதும் அங்கேதான். ஒட்டுபவர் கை அரை அங்குலம் விலகினாலே மூக்கு முறிந்துவிடும். ஜோடியைச் சற்று ஓரமாக நகர்த்தி, இணைப்பை முடியிலோ பின்னணியிலோ விழச் செய்ய வேண்டும். வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நிற்கும். ரோஜா நிற டைட்டிலுக்கு அடர்நீலத்திலோ கறுப்பிலோ மெல்லிய விளிம்பு கொடுத்தால், நிறம் போன பிறகும் படத்தின் பெயரைப் படிக்கலாம்.