ஓய்வுநிலை மூளை அலைகளை வைத்து வயதைக் கணித்தல்: யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட லெமன் தரவுத்தொகுப்பை வைத்து ஒரு மாடல் செய்துகொண்டிருக்கிறேன். 20-35 வயதினர் ஒரு பக்கம், 59-77 வயதினர் மறுபக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈஇஜி (தலையில் மின்முனைகள் வைத்து எடுக்கும் மூளை அலை) பதிவை மட்டும் பார்த்து, யார் எந்தப் பக்கம் என்று அது சொல்ல வேண்டும்.

பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டி, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா என்ற அதிர்வெண் பட்டைகளின் ஆற்றலைக் கணக்கிட்டு, ரேண்டம் ஃபாரஸ்டுக்கு (பல முடிவு மரங்களைச் சேர்த்து வகைப்படுத்தும் முறை) கொடுக்கிறேன். ஒரே ஆளின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால், மாடல் வயதை விட்டுவிட்டு ஆளை மனப்பாடம் செய்துவிடும். அதனால் ஆள்வாரியாகத்தான் பிரிக்கிறேன். மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, அதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்!

குழப்பம் ஆல்ஃபாவில்தான். முதுமையில் ஆல்ஃபா உச்சத்தின் (ஆல்ஃபா ஆற்றல் மிக அதிகமாக இருக்கும் இடத்தின்) அதிர்வெண் சற்றுக் குறையும். எல்லோருக்கும் 8-13 ஹெர்ட்ஸ் என்று ஒரே எல்லை வைத்தால், ஆற்றலே குறைந்ததா, உச்சம் எல்லையை விட்டு நழுவியதா என்று பிரிக்க முடியவில்லை. போதாததற்கு, வயதோடு பின்னணி நிறமாலையின் சரிவும் (அதிர்வெண் கூடக் கூட ஆற்றல் குறையும் வேகம்) தட்டையாகிறது. சரி, ஆளுக்கு ஆள் உச்சத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால், சிலருக்குத் தெளிவான உச்சமே இல்லை. அவர்களை நீக்குவீர்களா, வெற்று மதிப்பாக விடுவீர்களா?

அப்புறம், மாடல் அதிகம் நம்புவது காதோர மின்முனைகளின் பீட்டாவை. அது வயதா, இறுகிய தாடைத் தசையின் மின் இரைச்சலா? ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்து இரைச்சலை நீக்கும் முறை) செய்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. எப்படிச் சோதிப்பது?

டீப் லேர்னிங் யோசனை இப்போதைக்கு வேண்டாம். இருநூற்றுச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். ஈஇஜியில் கைப்பட வேலை செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.