ஸ்விஃப்ட் காரில் கார்பன் ரோடு சைக்கிளை ஏற்காடு கொண்டுபோக வேண்டும்: டிக்கியில் தொங்கவிடலாமா?

மாங்கனி_ரைடர் (கிருஷ்ணகிரி)

வணக்கம். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு கார்பன் ரோடு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். எடை எட்டு கிலோவுக்குள்தான். டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகும் அச்சு). வரும் ஞாயிறு ஏற்காடு அடிவாரம் வரை காரில் கொண்டுபோய், அங்கிருந்து மிதித்து ஏறலாம் என்று திட்டம். கார் ஸ்விஃப்ட். டிக்கிக் கதவில் வார் போட்டு மாட்டும் கேரியர் ஒன்றைத் தருவதாக நண்பர் சொல்கிறார். அதில் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிளின் மேல் குழாயை அவற்றில் தொங்கவிட்டு ரப்பர் வாரால் இறுக்க வேண்டும். கார்பனுக்கு இது சரிப்படுமா? தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே போகும்போது அது பின்னால் ஆடிக்கொண்டு வரும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

தகடூர்_பெடல் (தர்மபுரி)

வேண்டாம் தம்பி. கார்பன் ஃப்ரேம் ரோட்டுக் குலுக்கலுக்குப் பயப்படாது. மிதிக்கும் விசையும் பள்ளத்தில் விழும் அடியும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துத்தான் இழைகளை அடுக்கியிருப்பார்கள். ஒரே இடத்தில் வைத்து நசுக்கினால்தான் தாங்காது. மேல் குழாயின் நடுப்பகுதி மிக மெல்லியது. சில லேசான ஃப்ரேம்களில் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்குவது தெரியும். அங்கே வாரைப் போட்டு இறுக்கி, சேலம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆட்டிக்கொண்டு போனால், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

இன்னொன்று, அந்த மாதிரி கேரியரில் சக்கரம் சைலன்சருக்கு நேரே தொங்க வாய்ப்பு உண்டு. சூடான புகை தொடர்ந்து பட்டால் டயர் போகும், கார்பன் ரிம் என்றால் ரிம்மும் போகும். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறைந்தால் போலீஸ் நிறுத்துவது தனிக் கதை.

அணைக்கரை_ஆள் (கிருஷ்ணகிரி)

கூரைக் கேரியர் வாங்கலாமே ப்ரோ? முன் சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பூட்டும் வகை இருக்கிறது. ஃப்ரேமை எதுவும் தொடாது.

தகடூர்_பெடல்

ஃப்ரேமைத் தொடாது, சரி. ஆனால் காற்றில் சைக்கிள் பக்கவாட்டில் ஆடும் ஆட்டம் முழுக்க ஃபோர்க் நுனியில்தான் இறங்கும். சில கம்பெனிகள் மேனுவலிலேயே இதை வேண்டாம் என்று எழுதியிருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். கூரையில்தான் வைக்க வேண்டும் என்றால் டயர்களை மட்டும் பிடிக்கும் கேரியர் நல்லது. விலைதான் கண்ணைக் கட்டும். அப்புறம், மேலே சைக்கிள் இருப்பதை மறந்து வீட்டு போர்ட்டிகோவுக்குள் வண்டியை விடுகிறவர்களும் உண்டு.

ஓசூர்_ஸ்பேனர்

ஒரே ஒரு சைக்கிளுக்கு ஏன் இத்தனை யோசனை? இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் ஸ்விஃப்ட்டுக்குள்ளேயே போகும். பின் சீட்டை மடித்து, முன் பயணி சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் செயினைப் பின்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள்; பின் சக்கரம் சிரமமில்லாமல் வரும். சக்கரங்களை எடுத்ததும் ஆக்சில்களை ஃப்ரேமிலேயே திரும்பச் செருகிவிடுங்கள். தொலையாது, ஃபோர்க் கால்களை ஏதாவது அமுக்கினாலும் தாங்கும். ஏசி குழாய்க்கு மாட்டுகிற கறுப்பு நுரைக் குழாய் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நீளவாக்கில் கீறி, ஃப்ரேம் குழாய்கள் மேல் மாட்டிவிட்டால் போதும், இதற்கென்று விற்கிற உறைகளெல்லாம் வேண்டாம். கீழே ஒரு பழைய ஜமுக்காளம், அதன்மேல் ஃப்ரேம். செயின் பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும். செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் டீரெய்லர் அடியில் மாட்டினால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும், அப்புறம் ஏற்றத்தில் கியர் தாவிக்கொண்டே இருக்கும்.

சக்கரங்களை ஃப்ரேம் மேல் அடுக்காதீர்கள். உள்ளே வைத்துச் சேதமாவது பெரும்பாலும் இப்படித்தான்: சக்கர நடுவிலுள்ள ஹப்பின் முனை கார்பன் குழாயில் உரசி உரசி, ஊர் போய்ச் சேருவதற்குள் பெயின்ட்டைத் தின்றுவிடும். தனித்தனிப் பையில் போட்டு, முன் சீட்டுக்குப் பின்னால் நிற்க வையுங்கள். ரோட்டரில் (சக்கரத்திலுள்ள பிரேக் தட்டு) கிரீஸோ ஆயிலோ படக்கூடாது.

மாங்கனி_ரைடர்

ரொம்ப நன்றி அண்ணா. நேற்று மாலை போட்டுப் பார்த்தேன், அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் சக்கரம் இல்லாமல் கிடந்த நேரத்தில் வீட்டில் குட்டிப் பையன் முன் பிரேக் லீவரை அழுத்தி விளையாடியிருக்கிறான். இப்போது பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு, ரோட்டர் உள்ளேயே நுழையவில்லை. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பலாமா?

ஓசூர்_ஸ்பேனர்

ஐயோ, வேண்டாம். ஹைட்ராலிக் பிரேக்கில் நடுவே ரோட்டர் இல்லாதபோது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும், அவ்வளவுதான், பிரேக் கெட்டுப்போகவில்லை. டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரைச் சுத்தமாகத் துடைத்து, பேட்களுக்கு நடுவே செருகி, இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக அகட்டுங்கள். பிஸ்டன்கள் உள்ளே போய்விடும். இரும்பு எதையும் விட வேண்டாம், பேட் கீறும். பேட்களைக் கழற்றிவிட்டு அழுத்தினால் பிஸ்டனே உடையலாம்.

இனி சக்கரம் கழற்றியவுடன் பேட் இடுக்கில் பிளாஸ்டிக் ஸ்பேசரைச் செருகுங்கள். புதுப் பேடுடன் வரும். இல்லையென்றால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து வைத்தாலே போதும்.

மாங்கனி_ரைடர்

வேலை செய்தது அண்ணா! சக்கரம் உள்ளே போய்விட்டது. கடைசியாக ஒரு சந்தேகம்: திரும்பி வரும்போது சேலத்தில் சாப்பிட வெயிலில் நிறுத்தினால் ஃப்ரேமுக்கு ஏதாவது ஆகுமா?

தகடூர்_பெடல்

ஃப்ரேமைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மூடிய காருக்குள் அடிக்கிற வெயிலை அது தாங்கும். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், கண்ணாடி வழியாகத் தெரியாதபடி ஒரு போர்வை போடுங்கள். வெயிலை விட அதைப் பார்க்கிற கண்கள்தான் பிரச்சினை.

கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் சக்கரங்களை மாட்டியதும், ஆக்சிலில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். லீவரை நாலைந்து முறை அழுத்திப் பிரேக் பிடிப்பு வந்துவிட்டதா பாருங்கள். ஏறும்போது பிரேக் நினைவுக்கே வராது. இறங்கும்போது இருபது ஹேர்பின் வளைவு இருக்கிறது.