மறு: மறு: ‘டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்’ தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

ஓமலூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி மன்றத்துக்கு ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகள் வந்திருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றி, யாரும் பயன்படுத்தாத நேரத்தில் அறிவியல் ஆய்வுகளுக்குக் கணக்குப் போட விடலாம் என்று திட்டம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நாலு பக்கக் கையேடு வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

ஒரு பெரிய கணக்கைத் துண்டு போட்டுப் பல கணினிகளுக்குக் கொடுக்கும் இந்த ‘டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்’கை ‘விநியோகிக்கப்பட்ட கணிமை’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “ரேஷன் கடைக் கம்ப்யூட்டரா டீச்சர்?” என்று கேட்டான். அதற்கும், ஒவ்வொரு கணினிக்கும் வந்து சேரும் துண்டு வேலையான ‘ஒர்க் யூனிட்’டுக்கும், கிராபிக்ஸ் கார்டுக்கும் நல்ல சொல் தாருங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

‘விநியோகிக்கப்பட்ட’ வேண்டாம் அம்மா. ‘பட்ட’ வந்தாலே வாக்கியம் நொண்டும். ‘பகிர்கணிமை’ என்று வையுங்கள். வினைத்தொகை. பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். இந்த வேலையும் முடிந்தது கொஞ்சம், நடப்பது கொஞ்சம், இனி வருவது மிச்சம் என்றுதானே ஓடுகிறது? வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘பகிர்க்கணிமை’ என்று அச்சுக்கோர்ப்பவர் ஒற்றைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூரிலிருந்து:

ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. பிரச்சினை பகிர்வில் இல்லை, ‘கணிமை’யில் இருக்கிறது. மை பண்பைக் குறிக்கும் விகுதி: இனிமை, பெருமை, வெண்மை. கம்ப்யூட்டிங் ஒரு செயல். செயலுக்குத் தொழிற்பெயர்தான் வர வேண்டும், ஆகவே கணிப்பு. ‘பரவல் கணிப்பு’ என்பது என் முன்மொழிவு.

சூரமங்கலத்திலிருந்து:

வந்தமை, வாராமை, கொல்லாமை எல்லாம் செயலைச் சொல்லவில்லையா? மை தொழிற்பெயருக்கும் வரும். ‘கணிப்பு’ என்றால் இன்று மக்களுக்குத் தேர்தல் கணிப்பும் மழைக் கணிப்பும்தான் தோன்றும். பரவலோ, 2020க்குப் பிறகு நோய்ப்பரவல் என்றே காதில் விழுகிறது. தேவாரத்தில் பரவுதல் என்றால் போற்றித் துதித்தல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

கணி என்றால் வேங்கை மரத்துக்கும் பெயர் உண்டு. வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது என்று குறிஞ்சி நிலத்தார் நாள் பார்த்துக்கொண்டார்கள். காலம் கணித்துச் சொல்லும் மரம், ஆகவே கணி. இங்கே மலைச்சரிவில் வேங்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நாள் குறிக்கும் கணியனும் அதே வேர்தான். ஆகவே கணிப்பில் முன்னறிதல் கலந்திருப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஆத்தூர்த் தம்பி இதை யோசிக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ‘வரைகலை அட்டை’ என்கிறார்கள். ஆனால் இந்த வேலையில் அது எதையும் வரையவே போவதில்லையே? திரையை அணைத்துவிட்டாலும் கணக்கு ஓடுமே?

அம்மாப்பேட்டையிலிருந்து:

எனக்குக் கணினி பழுதுபார்ப்பு தொழில். பொருளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

படம் வரைய ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போட வேண்டும். அதற்காகச் செய்த கார்டு அது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கார்டில் அப்படிக் கணக்குப் போடும் 768 கோர்கள். புள்ளிக்குப் பதில் புரத மூலக்கூறின் அசைவையோ விண்மீன் சமிக்ஞையையோ கொடுத்தாலும் அதே வேகத்தில் போடும். அக்கா சொல்வது சரி, வரைவது கிடையாது. ஆனால் நம் ஊரில் எந்தக் கடையில் போய் ‘வரைகலை அட்டை’ கேட்டாலும் கடைக்காரர் முழிப்பார். பெற்றோர் இந்தக் கையேட்டோடு கடைக்குப் போகப்போகிறார்கள். ‘கிராபிக்ஸ் கார்டு’ என்றே விடுங்கள்.

டீச்சர், கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டியைப் பாருங்கள். பழைய அலுவலகக் கணினியில் பெரும்பாலும் அதிலிருந்து கார்டுக்கென்று தனி மின்கம்பி வராது. போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். ஆகவே அதற்குள் அடங்கும் கார்டாக எடுக்க வேண்டும். 1050 டிஐ அடங்கும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் சில மாடல்கள் தனிக் கம்பி கேட்கும். ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். ஸ்லாட் பழையது என்று பயப்பட வேண்டாம், புதுக் கார்டு அதில் வேலை செய்யும். ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் ரொம்பப் பழையது என்றால் திரையே வராமல் போகலாம்.

பெற்றோரிடம் மின்கணக்கையும் சொல்லுங்கள். 75 வாட் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. வீடுகளுக்கு 2016இல் அறிவித்த இலவச 100 யூனிட்டை அந்தக் கார்டு ஒன்றே தாண்டிவிடும்.

இனிச் சொல். எங்கள் வீட்டில் தறி இருந்தது. மாஸ்டர் வீவர் பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடை நூலும் கொடுப்பார், வீட்டில் நெய்து சேலையாகத் திருப்பிக் கொடுப்போம். இப்படி வீட்டுக் கணினிகளுக்கு வேலை அனுப்பி விடையை வாங்கும் பாயிங்க் என்ற மென்பொருளின் செர்வரும் அதைத்தான் செய்கிறது. ஒர்க் யூனிட்டுக்குப் ‘பாவு’ என்று வைத்தால் இந்த ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

சூரமங்கலத்திலிருந்து:

தம்பி, அருமை! பாவுதல் என்றாலே பரவுதல்தான். நாற்றுப் பாவுகிறோம், தரையில் கல் பாவுகிறோம், கால் நிலத்தில் பாவவில்லை என்கிறோம். எல்லாவற்றிலும் விரிந்து படிதல் என்ற பொருள் ஓடுகிறது. ஆத்தூர்த் தம்பி கேட்ட பரவல் இதற்குள்ளேயே வந்துவிட்டது. ‘பாவுகணிமை’ என்று முழுப் பெயரையே மாற்றினால் என்ன?

ஆத்தூரிலிருந்து:

ஐயா, அப்படிப் போனால் வியாழன் என்ன, அடுத்த தைப்பொங்கல்கூடப் போதாது. ‘பாவு’ என்பதை நான் ஏற்கவில்லை, இரண்டு காரணம். ஒரே பாவை இரண்டு தறிக்கு யாரும் கொடுப்பதில்லை. பாயிங்க் திட்டங்கள் பலவற்றில் ஒரே வேலை இரண்டு கணினிக்குப் போகும். விடை இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். அப்புறம், நெசவாளிக்குக் கூலி உண்டு. இங்கே கிடைப்பது மதிப்பெண் போன்ற புள்ளி மட்டும். கூலி வேலையின் சொல்லைத் தன்னார்வத்துக்கு வைப்பது நெசவாளிக்கும் நியாயம் இல்லை. ‘பணிக்கூறு’ போதும்.

ஏற்காட்டிலிருந்து:

கூலி பற்றிச் சொன்னது மனதில் தைத்தது. இருந்தாலும் பிள்ளைகளுக்குப் பயன் தெரிய வேண்டும். கையேட்டில் இதைச் சேருங்கள்: 1999 மே மாதம் பெர்க்லியில் தொடங்கிய, வேற்றுலக உயிர்களைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டம் 2020 மார்ச் வரை வீட்டுக் கணினிகளுக்கு வேலை அனுப்பியது, வேற்றுலகச் சமிக்ஞை சிக்கவில்லை. ஆனால் அதே போன்ற ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் 2010இல் சாதாரண மக்களின் கணினிகள் ஒரு புதிய துடிவிண்மீனையே (பல்சர்) கண்டுபிடித்தன. இதைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கு ஆசை வராது?

ஓமலூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது. இப்படி முடித்திருக்கிறேன்: பகிர்கணிமை, பணிக்கூறு, கிராபிக்ஸ் கார்டு. ‘வரைகலை அட்டை’ பாடநூலில் இருப்பதால் ஓரிடத்தில் மட்டும் வருகிறது. ‘பாவு’ என்பதை அச்சில் போடவில்லை, அம்மாப்பேட்டைத் தம்பி மன்னிக்கணும். கூட்டத்தில் வாயால் சொல்லப்போகிறேன்.

ஆத்தூரிலிருந்து:

கையேடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. கணிமையை நான் ஒப்பவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். என் மாணவர்களுக்குப் பரவல் கணிப்பு என்றே சொல்லித்தருவேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

மன்னிப்பெல்லாம் எதற்கு டீச்சர், வாயில் வந்தால் போதும். ஒரு கணினியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளையும் ஸ்லாட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் கார்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.