மார்ச் கடைசியில் மணாலி: பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரில் திடீர்ப் பனி பிடிச்சுக்கிட்டா என்ன செய்யணும்?

அடையாறு ரோட்ஸ்டர் கேட்டது:

வணக்கம். மார்ச் கடைசி வாரம் சென்னையில இருந்து மணாலிக்கு ரோடு வழியா போகத் திட்டம். ஒரு வழி கிட்டத்தட்ட 2,700 கி.மீ. வண்டி பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ: ஆட்டோமேட்டிக் கியர், பின்சக்கர இழுவை, துணிக்கூரை. டயர் முன்னால 255/35 ஆர்19, பின்னால 275/35 ஆர்19, நாலுமே சம்மர் டயர். மணாலியில ரெண்டு நாள் தங்கி, அடல் சுரங்கம் வழியா அதைத் தாண்டி இருக்கிற சிஸ்ஸு கிராமம் வரைக்கும் போய்ட்டு அன்னைக்கே திரும்பணும். வானம் தெளிவா இருந்தா மட்டும்தான் மேலே ஏறுவேன். ஆனா அந்தப் பக்கம் போன பிறகு எதிர்பாராம பனி கொட்ட ஆரம்பிச்சா இந்த வண்டியை எப்படிக் கீழே இறக்குறது? டயர் மேல பனிச் சங்கிலி போட்டா சமாளிக்கலாமா? கிளம்புறதுக்கு முன்னால இங்கேயே என்னென்ன பார்க்கணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

பாடி டயர்:

முதல்ல டயர். மீதி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சம்மர் டயரோட ரப்பர் நம்ம ஊர் 40 டிகிரி வெயிலுக்காகச் செஞ்சது. 7 டிகிரிக்குக் கீழே போனா அது விறைக்க ஆரம்பிக்கும். விறைச்ச ரப்பர் ரோட்டோட நுண்ணிய மேடு பள்ளத்துக்குள்ள இறங்காது, மேலோட்டமா வழுக்கும். அதனால பனியே விழாத காய்ஞ்ச ரோட்டுலயும் காலை நேரத்துல பிடிப்பு குறைஞ்சிருக்கும். கடுங்குளிர்ல ராத்திரி முழுக்க நின்ன வண்டியை எடுத்தா டயர் பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டி) ஓரத்துல வெடிப்பு வரலாம்னு டயர் கம்பெனிகளே எச்சரிக்கிறாங்க.

அடுத்தது பட்டன் அமைப்பு. மழைத் தண்ணியை வெளியே தள்ள அகலமான நீளக் கோடுகள் இருக்கும், அவ்வளவுதான். பனி டயர்ல ஒவ்வொரு பட்டன் மேலயும் பிளேடால கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த வெட்டு விளிம்புகள்தான் பனியைக் கவ்வும். சம்மர் டயர்ல அது கிடையாது. ரெண்டு சுத்துலேயே கோடுகள்ல பனி அடைச்சுக்கும், அப்புறம் அது மொட்டை டயர்தான். அகலமான டயர்னா பிடிப்பு அதிகம்ங்கிறது காய்ஞ்ச ரோட்டுக்கு உண்மை. பனியில அந்த 275 அகலம் எடையைப் பரப்பி வண்டியை மேலேயே மிதக்க விடும்.

டயர் பக்கச் சுவரைப் பாருங்க. மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள பனித்துகள் படம் இருந்தா அது பனியில சோதிச்ச டயர். எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் இருந்தா அந்தச் சோதனை நடந்ததா அர்த்தம் இல்ல. உங்க அளவுல மூணு சிகர டயர் நம்ம ஊர்க் கடைகள்ல கையிருப்புல இருக்கிறது அரிது. சொல்லி வரவழைக்கிறதா இருந்தா நாலும் மாத்தணும். பின்னால மட்டும் மாத்தினா வண்டி நகரும், ஆனா திரும்பாது.

காத்து: இங்கே 35 டிகிரியில 32 பிஎஸ்ஐ அடிச்சுட்டுப் போனா, மைனஸ் 5 டிகிரியில 7 பிஎஸ்ஐ இறங்கிடும்னு பலர் பயப்படுவாங்க. குளிருக்கு மட்டும் கணக்குப் போட்டா 6 பிஎஸ்ஐ போல இறங்கும்தான். ஆனா 3,000 மீட்டர் உயரத்துல வெளிக்காத்தோட அழுத்தமும் 4.5 பிஎஸ்ஐ போலக் குறையுது, அதனால கேஜ் 30 கிட்டதான் காட்டும். சமவெளியிலேயே கூடுதலா அடிச்சு வைக்காதீங்க. மணாலியில காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னால அளந்து, கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவுக்குச் சரி பண்ணுங்க. பனின்னா காத்தைக் குறைக்கணும்னு யாராவது சொன்னாக் கேட்காதீங்க. பக்கச் சுவர் குட்டையான 35 சீரிஸ் டயர்ல ரிம் அடி வாங்கும்.

கொண்டை ஊசி:

பாடி டயர் சார் சொன்னதை எண்ணாகப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்த பிறகு காய்ந்த தார் ரோட்டில் 8 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 30 மீட்டர் ஆகும். கண்ணாடிப் பனியில் (தண்ணீர் உறைந்து வழவழப்பானது) 60 மீட்டரைத் தாண்டும். இது சமதளக் கணக்கு. 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில், கண்ணாடிப் பனி மேல், பிரேக்கை முழுக்க மிதித்தாலும் வண்டி நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். ஏபிஎஸ், நாலு சக்கர இழுவை எதுவும் இதை மாற்றாது. நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது.

தமிழில் மார்கழி மூடுபனி, ஊட்டியின் உறைபனி, இமயத்தில் கொட்டுவது எல்லாமே பனிதான். ஓட்டுகிறவர் பிரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த தூள் பனியில் காலடியில் கறக் கறக் என்று சத்தம் வரும், அதில் ஓரளவு பிடிப்பு உண்டு. பல வண்டிகள் ஏறி இறுகிய பனி பளபளக்கும், அது மோசம். எல்லாவற்றையும் விடக் கெட்டது பகலில் உருகி மாலையில் மறுபடி உறைந்தது. ஈரத் தார் போலக் கறுப்பாகத் தெரியும். முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து நீர்த்திவலை தெறிக்கிறதா பாருங்கள். ரோடு ஈரமாகத் தெரிந்தும் திவலை இல்லையென்றால் அது கண்ணாடிப் பனி. வெயில் படாத வளைவுகளும் பாலங்களும் முதலில் உறையும். வெளி வெப்பம் 3 டிகிரிக்கு இறங்கியதும் உங்கள் வண்டி எச்சரிக்கை காட்டும். அதை அலட்சியம் செய்யாதீர்கள், நிலத்தின் வெப்பம் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அடல் சுரங்கம் 9.02 கி.மீ. நீளம், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. தெற்கு வாயிலில் வெயிலும் வடக்கு வாயிலில் பனிப்பொழிவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும், நடுவில் மலைத்தொடரே நிற்கிறதல்லவா. உள்ளே ரோடு காய்ந்திருப்பதால் வேகம் தானாக ஏறும். வெளியே வந்த முதல் நூறு மீட்டரில்தான் ஆபத்து: வண்டிகளில் இருந்து சொட்டிய தண்ணீர் அங்கே உறைந்து கிடக்கும். வாயில் வெளிச்சம் தெரிந்ததும் 30-க்கு இறங்கிவிடுங்கள், வெளியே போய் பிரேக் தொடாதீர்கள்.

இனி பனி பிடித்துக்கொண்டால் ஓட்டும் முறை. டிரைவ் மோடு கம்ஃபர்ட். ஸ்போர்ட்டில் ஆக்ஸிலேட்டர் துடிப்பாக இருக்கும், கியரும் சடாரென்று இறங்கும். கியரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவதில் கிளப்புங்கள், சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறையும். ஏற்றத்தில் சக்கரம் சுழலாமல் கம்ப்யூட்டர் விசையை வெட்டி வண்டி நின்றே போகிறது என்றால் டிஎஸ்சி (சறுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) பட்டனை ஒருமுறை தட்டினால் டிராக்ஷன் நிலை வரும், கொஞ்சம் சுழல விடும். அழுத்திப் பிடித்தால் முழுக்க அணைந்துவிடும், அது வேண்டாம். நகர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்புங்கள்.

இறக்கத்தில் நம் ஊர் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசியில் பழகிய கை, வளைவு வந்ததும் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தட்டும். பின்சக்கர வண்டியில் இஞ்சின் பிடிப்பு முழுவதும் பின் சக்கரங்களில் மட்டுமே விழும். வழுக்கும் தரையில் அது பின்பக்க ஹேண்ட் பிரேக்கை இழுத்த மாதிரி, வால் வெளியே வந்துவிடும். ஆகவே சரிவு தொடங்குவதற்கு முன்பே, 15 கி.மீ. வேகத்தில், இரண்டாவது கியரில் இருந்துவிடுங்கள். பிரேக் நேர்ப்பாதையில் மட்டும். வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலேட்டரும் வேண்டாம்.

வால் விலகினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே காட்டுங்கள். மூக்கு திரும்பாமல் நேராக வழுக்கினால் இன்னும் ஒடிக்காதீர்கள், கொஞ்சம் நேராக்குங்கள். அப்போதுதான் முன் டயர் மறுபடி கவ்வும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் பெடல் காலடியில் கடகடவென்று அதிரும், அதைப் பார்த்துக் காலை எடுத்துவிடக் கூடாது. நிற்கவே போவதில்லை என்று தெரிந்தால் மலைப்பக்கத்துப் பனிக்குவியலில் உரசுங்கள். பம்பர் போனால் போகட்டும், பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அடையாறு ரோட்ஸ்டர்:

ரொம்ப நன்றி சார். சங்கிலி பத்தி இன்னும் தெளிவு வேணும். மணாலியில வாடகைக்குக் கிடைக்கும்னு சொல்றாங்களே, அதைப் பின் சக்கரத்துல மாட்டிக்கலாமா?

பாடி டயர்:

வாடகைச் சங்கிலி ஜீப்புக்கும் சின்னக் காருக்கும் ஏத்தது. உங்க வண்டியோட சிக்கல் இடைவெளி. பின் சக்கரத்தைக் கழட்டாமலே உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க, டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவுல எத்தனை விரல் நுழையுதுன்னு. சாதாரணச் சங்கிலியோட கண்ணி 12 மி.மீ. தடிமன். சுத்தும்போது வெளியே விரியும், உள்ளே பிரேக் குழாயையும் ஏபிஎஸ் ஒயரையும் அடிச்சுக் கிழிக்கும். எந்த டயர் அளவுக்குச் சங்கிலி அனுமதின்னு மேனுவல்ல தனியாப் போட்டிருப்பாங்க. அதுல 275/35 இல்லன்னா மாட்டாதீங்க.

அதுக்கு மாத்தா துணி உறை இருக்கு, டயருக்குச் சாக்ஸ் மாட்டுற மாதிரி. மெல்லிசு, எதையும் அடிக்காது. உங்க டயர் அளவு பாக்கெட்ல எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. பின் சக்கரத்துக்கு மேல் பாதியில மாட்டி, வண்டியை அரைச் சுத்து நகர்த்தி, மீதிப் பாதியை இழுத்து விடணும். வேகம் 40-க்குள்ள. பனி முடிஞ்சு தார் தெரிஞ்ச உடனே கழட்டணும், இல்லன்னா சில கிலோமீட்டர்லேயே கிழிஞ்சுடும். உங்க வீட்டு பார்க்கிங்லயே கையுறை போட்டுக்கிட்டு ரெண்டு தடவை மாட்டிக் கழட்டிப் பழகுங்க. விரல் மரத்துப் போன பிறகு முதல் தடவை கத்துக்க முடியாது.

ஒண்ணை மறக்காதீங்க: உறையோ சங்கிலியோ, பின்னால மட்டும் மாட்டினா வண்டியைத் தள்ளும். ஆனா திருப்புறதும், பிரேக்ல பெரும் பங்கும் முன் டயர்தான். அது இன்னும் சம்மர் டயராவே இருக்கும். ஆகவே இது மாட்டிக்கிட்டு மேலே ஏற இல்ல, சிக்கின இடத்துல இருந்து ஒதுங்க மட்டும்.

பெரம்பூர் பிஸ்டன்:

இங்கேயே முடிக்க வேண்டியது:

கூலண்ட். நம்ம ஊர்ல குறைஞ்சா பச்சைத் தண்ணி ஊத்துற பழக்கம் ரொம்ப. தண்ணி உறையும்போது 9 சதவீதம் விரியும், ரேடியேட்டரும் இஞ்சின் பிளாக்கும் வெடிக்கும். கூலண்ட்டும் தண்ணியும் சரிபாதி கலவையா இருந்தா மைனஸ் 35 வரைக்கும் கவலை இல்ல. ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வெச்சு அளந்து தரச் சொல்லுங்க, கண்ணால பார்த்து ஓகே சொன்னா ஏத்துக்காதீங்க.

வைப்பர் தண்ணித் தொட்டியிலயும் வெறும் தண்ணிதான் இருக்கும். அதைக் காலி பண்ணிட்டு மைனஸ் 20 தாங்குற திரவம் ஊத்தி, குழாய்க்குள்ள போற வரைக்கும் அடிச்சு விடுங்க.

பேட்டரி ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா லோடு டெஸ்ட் (பளு கொடுத்துப் பார்க்கிற சோதனை) பண்ணுங்க. சென்னை வெயில்தான் பேட்டரியைச் சாப்பிடுது, குளிர்ல அது வெளியே தெரியும்.

கண்ணாடி ஆவி பிடிக்கிற விஷயம் ரொம்ப முக்கியம். இங்கே நாம எப்பவும் உள்காத்துச் சுழற்சி பட்டனைப் போட்டே ஓட்டுவோம். அங்கே அது ஆன்ல இருந்தா மூச்சு ஈரம் வெளியே போகாம ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி மறைச்சுடும். வெளிக்காத்து, ஹீட்டர் சூடு, கூடவே ஏசி ஆன். ஏசி ஈரத்தை உறிஞ்சும். ஹெட்லைட் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டா எதிரே வெள்ளைத் திரைதான். எல்இடி விளக்கு சூடு வெளியே விடாது, மேல விழுந்த பனி உருகாது. நிறுத்தித் துடைக்கணும்.

மழைமானி:

வடகிழக்குப் பருவமழைக்கு ரெட் அலர்ட் பார்க்கிற மாதிரியே அங்கேயும் பாருங்க. சிம்லா வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மாவட்டவாரியா கொடுக்கும். மார்ச் கடைசியிலயும் மேற்கத்தியக் கலக்கம் (மேற்குல இருந்து வந்து மழையும் பனியும் தர்ற வானிலை அமைப்பு) வந்தா சிஸ்ஸு இருக்கிற லாஹௌல் பகுதியில பனி கொட்டும். முன்னறிவிப்பு ஓரிரு நாளாவது முன்னாடியே கிடைக்கும், அதனால 'திடீர்'ங்கிறது பெரும்பாலும் பார்க்காம விட்டது. பனிப்பொழிவுன்னா போலீஸ் 4x4 (நாலு சக்கர இழுவை) வண்டியை மட்டும்தான் மணாலிக்கும் சுரங்கத்துக்கும் நடுவுல இருக்கிற சோலங்குக்கு மேல விடுவாங்க. அங்கே நிறுத்திட்டு உள்ளூர் 4x4 டாக்சி பிடிச்சு சிஸ்ஸு போங்க. என்னைக் கேட்டா தெளிவான நாள்லயும் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

அந்தப் பக்கம் இருக்கும்போது முதல் பனித்துகள் கண்ணாடியில விழுந்தா டீ குடிச்சு முடிக்கக்கூடக் காத்திருக்காதீங்க, உடனே சுரங்கத்துக்குத் திரும்புங்க. ரோடு வெள்ளை ஆகிட்டா சிஸ்ஸுவிலேயே ரூம் போட்டுத் தங்குங்க. வண்டி அங்கே நாலு நாள் நின்னாலும் பரவாயில்ல.

நடுவுல மாட்டிக்கிட்டா: வண்டியை விட்டு நடக்காதீங்க. 112, இல்லன்னா மாவட்டப் பேரிடர் எண் 1077, நம்ம ஊர் வெள்ளத்துக்குக் கூப்பிடுற அதே எண்தான். இஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால இறங்கி ரெண்டு சைலன்சர் குழாய் வாயையும் தோண்டி விடணும். தாழ்வான வண்டி, ஒரு சாண் பனியிலேயே வாய் அடைச்சுடும். அடைச்சா கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே இருக்காது. 2022 ஜனவரியில பாகிஸ்தானோட முர்ரீ மலையில பனியில நின்ன வண்டிகளுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, அந்தப் புகை ஒரு காரணம்னு சொல்லப்பட்டது. காத்து அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைங்க. பெட்ரோல் மணாலியிலேயே முழு டேங்க். டிக்கியில மடக்கு மண்வெட்டி, ரெண்டு கம்பளி, டார்ச், கயிறு. டோ ஹூக் (வண்டியை இழுக்கக் கயிறு கட்டுற கொக்கி) கருவிப் பையில இருக்கான்னு இப்பவே பாருங்க. கயிறு அதுல மட்டும்தான் கட்டணும், சஸ்பென்ஷன்ல கட்டி இழுக்க விடாதீங்க.

அடையாறு ரோட்ஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி. சோலங் வரைக்கும்தான் என் வண்டி, அதுக்கு மேல டாக்சின்னு முடிவு பண்ணிட்டேன். கடைசியா ஒண்ணு: மணாலியில ராத்திரி வெளியே நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடலாமா? துணிக்கூரைக்கு ஏதாவது செய்யணுமா?

பெரம்பூர் பிஸ்டன்:

சமதளமா இடம் பார்த்து பி-யில போட்டு, ரெண்டு சக்கரத்துக்கு கல் வைங்க. ஈரமான பிரேக் பேட் ராத்திரியில டிஸ்க்கோட ஒட்டி உறையலாம், அதனால எலக்ட்ரானிக் பிரேக் தானா விழுதா, விழாம வைக்க வழி இருக்கான்னு மேனுவல்ல பாருங்க. வைப்பரைத் தூக்கி நிறுத்துங்க. கூரை மேல பனி இருந்தா மென்மையான பிரஷ்ஷால தள்ளணும், பிளாஸ்டிக் சுரண்டி வேண்டாம், சுடுதண்ணி ஊத்தவே கூடாது. கூரைத் துணி ஈரமாவோ விறைச்சோ இருந்தா திறக்குற பட்டனைத் தொடாதீங்க. கீழே குலு வந்து வெயில்ல முழுக்கக் காய்ஞ்ச பிறகு திறங்க.