நின்னா கழுத்துவலி, படுத்தா காணோம்

கார்த்தி: சித்தி, பெரியப்பாவுக்கு நின்னா பின்கழுத்துலயும் ரெண்டு தோள்லயும் இறுக்கிப் பிடிக்குது. படுத்தா கொஞ்ச நேரத்துல விட்டுடுது. எலும்பு தேய்மானமா?

மாலதி சித்தி: தேய்மான வலி கழுத்தைத் திருப்பினா கூடும். இது நின்னா வந்து படுத்தா போகுதுன்னா முதல்ல பிபி பாருங்க. உட்கார வச்சுப் பாக்கறது போதாது. 5 நிமிஷம் படுக்க வச்சு ஒண்ணு, எழுந்து நின்ன 1 நிமிஷத்துல ஒண்ணு, 3 நிமிஷத்துல ஒண்ணு. மேல் அளவு 20 இல்லேன்னா கீழ் அளவு 10 இறங்கினா நிக்கும்போது பிபி குறையுதுன்னு அர்த்தம். நாடியையும் குறிச்சுக்கோ.

பிரபு அண்ணா: நிக்கும்போது கையை நெஞ்சு மட்டத்துல தாங்கிப் பிடிக்கணும். தொங்கவிட்டா அளவு கூடக் காட்டி, இறக்கத்தை மறைச்சிடும். பக்கத்துலயே நில்லு, கண்ணு இருட்டினா உடனே உட்கார வை.

கார்த்தி: கழுத்து மட்டும் ஏன்?

பிரபு அண்ணா: தலையைத் தாங்குற தசைக்கு நிக்கும்போது ஓய்வே கிடையாது. அதோட அது இதயத்துக்கு மேல இருக்கு. ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் அழுத்தம் சுமார் 7, 8 புள்ளி குறையும். ஏற்கெனவே பிபி இறங்கியிருந்தா ரத்தம் பத்தாம தசை வலிக்கும். சிலருக்கு இடுப்பு, கெண்டைக்கால்லயும் வரும்.

மாலதி சித்தி: கழுத்துவலின்னு டிசானிடின் குடுத்திருக்காங்களான்னு பாரு. அது தசையைத் தளர்த்தும், பிபியையும் இறக்கும். இந்த வலிக்கு அதைக் குடுத்தா எரியுற நெருப்புல எண்ணெய்தான். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், நீர் மாத்திரையும் இறக்கலாம். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

கார்த்தி: பாத்துட்டேன். படுத்து 138/82, நாடி 70. 1 நிமிஷம் 116/74. 3 நிமிஷம் 104/68, நாடி 75. வலியும் அப்பதான் ஆரம்பிச்சுது.

மாலதி சித்தி: 34 இறங்கியும் நாடி 5தான் ஏறியிருக்கு. உடம்புல நீர் வத்தினதா இருந்தா நாடி நல்லா எகிறியிருக்கும். பிபியைச் சரிக்கட்டற நரம்பு சரியா வேலை செய்யாம வர்ற இறக்கமா இருக்கலாம், சர்க்கரை நோய், பார்க்கின்சன்ங்கற நடுக்க நோய்ல இப்படி வரும். நரம்பு டாக்டர் பாக்கணும்.

கார்த்தி: அதுவரைக்கும்?

பிரபு அண்ணா: எழுந்திருக்கறதுக்கு முன்னாடி பாதத்தை மேலயும் கீழயும் 20 தடவை ஆட்டச் சொல்லு. ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்துல உட்கார்ந்துட்டு எழுந்திருக்கட்டும். நிக்கும்போது வலி வந்தா காலைப் பின்னிக்கிட்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கணும், ஆனா பிடிமானம் வேணும். முழங்கால் வரைக்கும் இறுக்கமா போடற ஸ்டாக்கிங் பெருசா உதவாது, வயித்துக்குப் பெல்ட் கட்டினா பலன் அதிகம்.

மாலதி சித்தி: காலைல எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி கடகடன்னு குடிச்சா கொஞ்ச நேரம் தாங்கும். இதயம், கிட்னி கோளாறு இருந்தா இது வேண்டாம், உப்பும் கூட்டாதே. வலி நெஞ்சுக்கோ தாடைக்கோ போய் வேர்த்தா இதையெல்லாம் செஞ்சுட்டு இருக்காதே, அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போ.